வீட்டுக்குள் வைத்த மாடிப்படி

வாடகைக்கு விடுவதற்காக மாடி கட்டுகிறவர்கள் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் யாராவது வீடு கட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிறகு மற்றவற்றைச் சொல்வேன். மாடிக்குத் தனி கரண்ட் மீட்டர் வாங்கிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தனியாக வையுங்கள். குடிவருகிறவர் முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்வான்ஸ் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள், அவர்கள் காலி செய்யும் நாளில் அது கையில் இருக்க வேண்டும்.

எங்கள் விளாங்குடி வீட்டில் படி உள்ளே இருக்கிறது. ஹாலின் மூலையில் தொடங்கி, சாப்பாட்டு மேசைக்கு மேலே திரும்பி ஏறும். கட்டும்போதே கொத்தனார் கேட்டார்.

"டீச்சர், படிய வெளிய விட்டா பின்னாடி வாடகைக்கு விடலாம்ல?"

"பிள்ளைகளுக்குத்தாண்ணே மாடி. மழையில நனையாம இறங்கி வரட்டும்" என்றேன்.

அப்போது எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வரும் என்றுதான் மேலே இரண்டு அறை கட்டினோம். அதற்குப் பிறகு பல வருடம் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் நடந்தோம். ஒரு கட்டத்தில் நானும் அவரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை. மாடி பூட்டியே கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் என் கணவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சுவரெல்லாம் ஓதம் ஏறிப்போய்க் கெடக்கு. ஆள் புழங்காட்டி வீடு வீணாப் போயிரும். விட்ருவமா?" என்றார். நான் சரி என்றேன்.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் படியைப் பார்த்ததும் தயங்கினார்கள். "ஒங்க ஹால் வழியாத்தான் போகணுமா?" என்று கேட்டுவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று சொல்லிப் போய்விடுவார்கள். அப்படி இருக்கையில்தான் ஒரு சௌராஷ்டிரத் தம்பதி வந்தார்கள். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். அவள் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீசியன், மாலை வேலை. படியை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சுக்கா. கிளினிக் முடிஞ்சு நான் வர லேட்டாகும். கீழ ஆள் இருந்தா எனக்குப் பயமில்ல" என்றாள்.

அடுத்த வருடமே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், குழந்தையோடு திரும்பி வந்த அன்று நேராக மாடி ஏறவில்லை. ஹாலில் நின்று, பையைக்கூட இறக்கி வைக்காமல், குழந்தையை என் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் பிடிங்கக்கா, முகம் கழுவிட்டு வாரேன்" என்றாள். குழந்தை கண்ணைத் திறக்காமல் என் சேலையில் முகத்தைத் தேய்த்தது. அதன் தலையில் வசம்பு வாசனை.

அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பகலில் அவளே பார்த்துக்கொண்டாள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் குழந்தை கீழே வந்துவிடும். நடக்கத் தொடங்கும் முன்பே அது படி இறங்கக் கற்றுக்கொண்டது. உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக, பின்பக்கத்தை வைத்து வைத்து இறங்கும். என் கணவர் கடைசிப் படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் நாள் முழுக்கப் பத்திரம் பார்த்துவிட்டு வருகிற மனிதர், சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருப்பார்.

எல்லாரும் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அது 'டீச்சி' என்றது. அவள் குழந்தையிடம் அவர்கள் வீட்டு மொழியில் பேசுவாள். வா, சாப்பிடு, தூங்கு, விழுந்துவிடாதே என்பவற்றுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தைகளை நானும் பழகினேன். நான் சொல்லும்போது குழந்தை என் வாயையே பார்க்கும், பிறகு சிரிக்கும். அந்த நாலைந்து வார்த்தைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. யாரிடம் சொல்வது?

கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் ஒருமுறை எச்சரித்தார். அவருக்கும் வாடகை வீடுகள் உண்டு. "குடியிருக்கவங்ககிட்ட ரொம்ப ஒட்டாதீங்க டீச்சர். என்னைக்கிருந்தாலும் போறவங்க" என்றார். நான் தலையாட்டினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் குழந்தைக்கு ஒரு ஜோடி சத்தம் போடும் செருப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

பாப்பாவுக்கு மூன்று வயது முடிகிற சமயம், அவளுடைய அப்பா ஒரு கவரோடு கீழே வந்தார்.

"அண்ணே, ஒரு எடம் பாத்திருக்கோம். கீழக்குயில்குடிப் பக்கம். கடைக்காரரு கொஞ்சம் ஒத்தாசை பண்றேங்கிறாரு. நீங்க பத்திரத்தப் பாத்துச் சொன்னாப் போதும்."

என் கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்போதே படித்தார். மறுநாள் விடுப்பு எடுத்து நேரிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மனை நல்லாத்தேன் இருக்கு தம்பி. ஆனா அதுக்குப் போற பாதை வேற ஒருத்தர் பட்டாவுல கெடக்கு. நாளைக்கு அவர் வேலி போட்டா நீங்க எங்கிட்டுப் போவீங்க? வேணாம்" என்றார். அவர்கள் முகம் விழுந்துவிட்டது. நான் சமையலறைக்குப் போய்விட்டேன். என் முகத்தை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று தோன்றியது.

சில மாதம் கழித்து இன்னொரு கவர் வந்தது. அதே பக்கம், மலையைப் பார்த்த மனை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனை அப்ரூவல் எல்லாவற்றையும் அவர் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வாசித்தார். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். முறுக்குத் தூள் பத்திரத்தில் விழ விழ அவர் ஊதிவிட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ பாத்தேன்" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் பத்திரங்களைக் கவருக்குள் அடுக்கினார். மறுநாள் அவர்களிடம், "தைரியமா வாங்குங்க" என்றார். அது மட்டுமில்லை. கடன் மனுவையும் அவரே எழுதிக்கொடுத்தார். கொத்தனாரையும் அவரே பிடித்துக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் செங்கல்லைத் தட்டிப் பார்த்தார், சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பார்த்தார். வீடு சீக்கிரமே எழுந்துவிட்டது.

பால் காய்ச்சுகிற அன்று நாங்கள்தான் முன்வரிசையில் நின்றோம். பாப்பா புதுப் பாவாடையில் அறை அறையாக ஓடினாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு சின்ன அறையைக் காட்டினாள்.

"டீச்சி, இது ஒன் ரூமு."

அவள் அம்மா சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, வந்து இருங்க" என்றாள். சொன்னவள் சட்டென்று என் தோளில் முகம் வைத்து அழுதாள். "நான் பெத்தேன், நீங்கதான் வளத்தீங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நல்ல நாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் வந்தது.

காலி செய்தபோது அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்தோம். வெள்ளையடிக்கப் பிடிக்கவில்லை. மாடிச் சுவரில் பாப்பாவின் உயரம் வரை கிரேயான் கோடுகள். அதன் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் நிறம் தெரியும். முதலில் தேய்த்துவிட்டு பிரைமர் அடிக்க வேண்டும். பெயின்டர் அதைச் செய்யாமல் அடித்ததால் இரண்டு தடவை அடிக்க வேண்டியதாயிற்று. இதையும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் மாடியை மறுபடி வாடகைக்கு விட மனம் வரவில்லை. பிறகு அவரே ஒரு இரும்புப் படியை வெளியே வைக்கச் சொல்லி, உள் படியின் மேல்வாசலுக்குக் கதவு போட்டார். இப்போது ஒரு தனியார் கம்பெனி ஊழியரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். நல்லவர்கள். வாடகை சொன்ன தேதியில் போனில் வந்துவிடுகிறது. அவர்கள் வருவதும் போவதும் எங்களுக்குத் தெரிவதில்லை. முறையாக விட்ட வீடு இப்படித்தான் இருக்க வேண்டும்.

பாப்பா இப்போது இரண்டாம் வகுப்பு. ஆரம்பத்தில் வாரம் தவறாமல் வந்தார்கள். பிறகு ஸ்கூல், டான்ஸ் கிளாஸ், அவள் அம்மாவுக்கு வேலை மாற்றம். யாரையும் குறை சொல்ல முடியாது. போனில் பேசினால் பாப்பா, "நல்லா இருக்கேன் ஆன்ட்டி" என்கிறாள். ஸ்கூலில் எல்லாரையும் அப்படிக் கூப்பிடச் சொல்லியிருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி தேங்காய் பன் வாங்கினார். கீழக்குயில்குடியில் மலையடிவாரக் குளத்துக்குப் பக்கத்தில் நின்று போன் செய்தேன்.

"அய்யோ அக்கா, ஒரு கல்யாணத்துக்கு சேலம் வந்திருக்கோமே! சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றாள். பின்னால் பாப்பாவின் குரல் கேட்டது, யாருடனோ விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தோம். நீங்க கல்யாணத்தப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

ஆலமரத்தடியில் உட்கார்ந்தோம். குளத்தில் தாமரை இலைகள் நெருக்கமாகக் கிடந்தன. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம். அவர் பன்னைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தார். "அடுத்த வாரம் போன் பண்ணிட்டு வருவோம்" என்றார்.