எண்ணெயில் படலம்

"இதுவும் ஆகாது" என்று சொல்லி அவள் பாட்டிலை இடப்பக்கத் தட்டில் வைத்தாள். காலையிலிருந்து இடப்பக்கம் முப்பத்தெட்டு. வலப்பக்கம் ஏழு.

ஜன்னலோர ஸ்டூலில் ஏழு வருஷமாக அவளைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அக்காவும் அத்தானும் பின்னறையில் ஈமு பறவையின் கொழுப்பில் சருமத்துக்கான எண்ணெய் காய்ச்சத் தொடங்கியபோது கூடமாட ஒத்தாசைக்கென்று வந்தவள். அதற்கு முன் தையல் ஆலையில் துணியில் கறை பார்க்கும் வேலை, கண் பழகியிருந்தது. அத்தான் கொழுப்பை உருக்கிக் குளிர்ந்த அறையில் மூன்று நாள் தெளியவிடுவார். மேலே நிற்கும் தெளிவை மட்டும் கரண்டியால் மொண்டு துணியில் வடிப்பார். அக்கா பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டுவாள். இடையில் இவள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெல்லத் திருப்புவாள். உள்ளே பால்போல ஒரு புகை தெரிந்தால் "படலம்" என்பாள். படலம் விழுந்த எண்ணெய் முகத்துக்குப் போகாது. மெழுகு சேர்ந்து, குதிகால் வெடிப்புக்கான டப்பாவுக்குப் போகும். அவள் சொன்னால் சொன்னதுதான். அத்தான்கூட மறுபேச்சுப் பேசமாட்டார். வீட்டில் அவளுக்கு வெளிச்சக்காரி என்றே பெயர்.

அதை வேலை என்று அவள் நினைத்ததில்லை. பாட்டிலுக்கு அப்பால் தெரு இருந்தது. எண்ணெய்க்குள் அது மஞ்சளாக, சற்று வளைந்து, அவசரமில்லாமல் போயிற்று. சைக்கிளில் வருகிறவர் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் கரைந்துபோவார். சில மாதங்களாக அது இன்னும் அழகாகியிருந்தது. எதிர்வீட்டுச் சுவரின் விளிம்பு பஞ்சாக இளகியிருந்தது. சாயங்காலம் விளக்குகள் ஏற்றப்பட்டால் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். பாட்டிலைக் கீழே வைத்த பிறகும் தெரு எண்ணெய்க்குள்ளேயே நின்றது. குளிர் தொடங்கிவிட்டது, குளிரில் எண்ணெய் மங்கும், அதோடு சேர்ந்து ஊரும் கொஞ்சம் மங்குகிறது என்று எண்ணிக்கொண்டாள். இமை கனத்த மாதிரி இருந்ததால் படுக்கும்போது ஒரு சொட்டை இமைமேல் தடவிக்கொண்டாள். அவள் கைவெடிப்பை ஆற்றிய எண்ணெய். அக்காவின் முழங்கையில் உரிந்துகொண்டிருந்த தோலை மிருதுவாக்கிய எண்ணெய். கண்ணை மட்டும் கைவிட்டுவிடுமா என்ன.

மதியம் ஈமு பண்ணைக்காரர் கொழுப்பு வாளியோடு வந்தார். அத்தான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு மாசமா பாதிக்கு மேல படலம். கொழுப்பு பழசா?"

"காலையில வெட்டினது."

"தீனி ஏதும் மாத்தினீங்களா?"

"எனக்கு மாத்தினேன், டாக்டர் சொன்னாருன்னு. அதுங்க பழையபடிதான் திங்குதுங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அத்தான் சிரிக்கவில்லை.

"முகத்துக்கு இருநூறு பாட்டில் கேட்டிருக்காங்க. என்கிட்ட இருக்கிறது எல்லாம் டப்பா. இந்தத் தெருவுல உள்ள அத்தனை குதிகாலும் வெடிச்சாலும் இது தீராது. அடுத்த வாரத்துல இருந்து வேற பண்ணை பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

பண்ணைக்காரர் வெளிச்சக்காரி பக்கம் திரும்பினார். "நாப்பது பறவைம்மா. உங்க வீட்டை நம்பித்தான் வச்சிருக்கேன். நிஜமாவே அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"இருக்கிறதைத்தானே சொல்றேன்" என்றாள்.

அவர் எழுந்து குழாயடிக்குக் கைகழுவப் போனார். அத்தான் வாளியோடு உள்ளே போனார். அக்கா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதையும் பாத்துடு."

வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையாகப் புகை சுழன்றது. "நிறமே செத்துப்போச்சு. படலமும் இருக்கு. இது டப்பாவுக்குக்கூட ஆகாது."

அக்கா அதை வாங்கி, மூடியைத் திறந்து, மடமடவென்று குடித்தாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"தண்ணிடி." அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "நேத்தும் ஒண்ணு குடுத்தேன். அதையும் இடப்பக்கம்தான் வச்சே."

அக்கா குரலைத் தணித்தாள். "உங்க அத்தான்கிட்ட நான் சொல்லல. உன் வாயால சொல்றதுன்னா சொல்லு. இல்லேன்னா அந்த மனுஷன் பறவைங்களை வித்துட்டுப் போகட்டும், நீ ஸ்டூல்ல உக்காந்திரு."

கையில் பாட்டில் இல்லாமல் ஜன்னலைப் பார்த்தாள். தெரு அப்படியேதான் இருந்தது, மிதந்துகொண்டு, விளிம்பில்லாமல். சொல்லாமலும் இருக்கலாம். நாளையிலிருந்து எல்லாவற்றையும் வலப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் எண்ணெய் தேறிவிட்டது என்பார்கள். ஆனால் நிஜமான படலம் வரும் நாளில் அதுவும் வலப்பக்கம்தான் போகும், அவள் சொன்னதை நம்பி யாரோ முகத்தில் பூசிக்கொள்வார்கள். ஸ்டூலை விட்டால் இந்த வீட்டில் தான் யார் என்றும் யோசித்தாள். அக்காவின் தங்கை. அவ்வளவுதான். குழாயடியில் தண்ணீர் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. கைகழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

எழுந்து, சுவரைத் தொட்டபடி உள்ளே போனாள்.

"அத்தான், அண்ணனைப் போகச் சொல்லாதீங்க. படலம் எண்ணெயில இல்ல."

"பின்னே?"

விரலால் தன் கண்ணைக் காட்டினாள்.

அத்தான் வெளியே வந்து இடப்பக்கத்துப் பாட்டில் ஒன்றை ஜன்னலில் பிடித்தார். இன்னொன்றை. இன்னொன்றை. அவளைப் பார்க்காமலே "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

பண்ணைக்காரர் ஈரக்கையோடு வாசற்படியில் நின்றிருந்தார். "அண்ணே, கொழுப்பை இனியும் நீங்களே போடுங்க" என்றார் அத்தான்.

"என்கிட்ட சொன்னா ஆச்சா? பண்ணையில நாப்பது பேர் இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து சொல்லுங்க."

முதலில் சிரித்தது அவள்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்காவும் அவளும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் முற்றிவிட்டது என்றார் டாக்டர். இமையில் என்ன பளபளக்கிறது என்று கேட்டார். சொன்னாள். அது தோலோடு சரி, உள்ளே இருப்பதைக் கரைக்காது, நிறுத்துங்கள் என்றார். இடது கண் ஆபரேஷனுக்கு மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் தள்ளியவற்றில் நான்கு பாட்டில் மட்டும் ஆகாதவை. சாப்பிட்டுவிட்டு அவள் லேபிள் ஒட்டினாள். ஐந்தாறு கோணலாகப் போயின. அக்கா அவற்றை உரித்து மறுபடி ஒட்டினாள்.