கோட்டுக்கு மேல் ஏறாத ரத்தம்

இதய அறுவை முடிந்தவர்களைக் கிடத்தும் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸுக்குப் பெயரே கோடு அக்காதான். நெஞ்சிலிருந்து குழாய் வழியே ரத்தம் வடியும் ஜாடியில், கால் மணிக்கொரு தரம் பேனாவால் கோடு கிழிப்பார். அவருக்கு முன்பல் ஒன்று கிடையாது. காரணம் கேட்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

அன்று பகல் இரண்டு மணி. வால்வு மாற்றிய லாரி டிரைவருக்கு முதல் மணி நேரத்திலேயே நானூறு மில்லி வடிந்துவிட்டது. ரத்தம் உறைவதற்கான மருந்து போட்டோம், பை பையாய் ரத்தம் ஏற்றினோம். மூன்று மணிக்குப் பார்த்தால், கடைசிக் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு ஏறவில்லை. பயிற்சி டாக்டரான எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நின்னுடுச்சு அக்கா! அவர் சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"ஒரு அடி எடுத்து வெச்சா காலை ஒடிச்சிடுவேன். இவ்வளவு ஊத்தினது திடீர்னு எப்படி நிக்கும்? குழாய் அடைச்சிருக்கு. உள்ள தேங்கி இதயத்தை நெரிக்குது. பிரஷரைப் பாருங்க!"

எண்பது. அறுபது.

பெரிய டாக்டர் பக்கத்து தியேட்டரிலிருந்து ஓடி வருவதற்குள் அக்கா கருவிப் பெட்டியைப் பிரித்துவிட்டார். தையலைக் கிழித்தார்கள். எலும்பைக் கட்டியிருந்த கம்பிகளைக் கட்டர் பட்பட்டென்று கடித்தது. நெஞ்சைப் பிளந்ததும் உறைந்த கட்டிகள் ஈரல் துண்டுகளாக வந்து விழுந்தன. பின்னாலேயே ரத்தம் பீறிட்டு அக்காவின் முகத்தில் அடித்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. டாக்டர் உள்ளே கைவிட்டு இதயத்தைப் பிசைந்தார். பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பீறிட்ட இடத்தை டாக்டர் விரலால் அழுத்தி மூன்று தையல் போட்டதும் பிரஷர் ஏறியது.

வெளியே டிரைவரின் மனைவி கதவை உதைத்துக்கொண்டிருந்தார். அக்கா அதே கோலத்தில் போய்த் திறந்தார்.

"கொன்னுட்டீங்களே!" என்று பளாரென்று ஓர் அறை. அக்காவின் உதடு கிழிந்தது.

"உயிரோட இருக்கார்மா. இன்னும் கொஞ்சம் ரத்தம் வருது. வரட்டும்."

அந்தப் பெண் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து கதறினார்.

உள்ளே வந்த அக்கா உதட்டைப் பஞ்சால் அழுத்திக்கொண்டார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் ஓடிப் போய் 'நின்னுடுச்சு'ன்னு சொன்னேன். கால் மணி நேரத்துல ஆள் போயிட்டார். அவர் தம்பி ஒடைச்ச பல்லுதான் இது. அது எனக்கு வரவேண்டிய அடி. இன்னிக்கு வாங்கினது உங்களுக்குப் பதிலா."

பிறகு ஜாடி முன்னால் குனிந்து கோடு கிழித்தார். முப்பது மில்லி.