வானொலியில் வந்த மகன்

கைபேசியில் கேட்ட ஒலிக்கதை ஒன்றில் சைக்கிள் டைனமோ இரைந்ததும், போர்க்காலத்தில் மின்சாரமற்றிருந்த எங்கள் இணுவில் வீடு நினைவில் எழுந்தது.

அன்று அண்ணை சைக்கிள் பெடலைச் சுற்றி டைனமோ மின்சாரத்தில் வானொலியை ஓடவைக்க, சின்னம்மா எழுதிய நாடகம் அதில் போனது. காணாமற்போன மகன் செருமிக்கொண்டே வீடு திரும்புவதுதான் முடிவு. எங்களுடன் இருந்து கேட்ட அயல்வீட்டு மாமியின் மகனும் காணாமற்போனவன்.

மாமி சின்னம்மாவின் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, அவனை எங்கை கண்டனி?”

“அது கற்பனை, மாமி.”

“இல்லை. அவன் உப்பிடித்தான் செருமிக்கொண்டு வாறவன்.”

சின்னம்மா அந்தச் செருமலை அவனிடமிருந்துதான் எடுத்திருந்தார். அதன்பிறகு அவர் எழுதவேயில்லை.

ஊரே இடம்பெயர்ந்தபோது சின்னம்மா கெஞ்சியும் மாமி வரவில்லை.

“றேடியோவிலையே சொல்லிப்போட்டினம். அவன் வாற நேரம் வீட்டிலை ஆள் வேணும். நீங்கள் போங்கோ.”

நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.