கப்பலில் எது தலைமடை?

கப்பலில் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். பிறகு ஒவ்வொரு குழப்பம் வந்தபோதும் வீட்டில் அதை எனக்கு நினைவுபடுத்தத் தவறவில்லை.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் நடத்தியவள் நான். பூமி உருண்டை என்பதற்கு என்ன ஆதாரம் என்று பிள்ளைகள் கேட்டால், கரையே தெரியாத நடுக்கடலில் நின்று பாருங்கள், அடிவானம் உங்களைச் சுற்றி முழு வட்டமாகத் தெரியும் என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவேன். நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி அரை மணி நேரப் பஸ் பயணம். கோட்டைச் சுவரோரம் நின்றால் பாதி வட்டம் தெரியும். மீதிப் பாதி முதுகுக்குப் பின்னால் வீடுகளாகவும் கருவாடு காயும் மணலாகவும் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டுப் பேசியவர்கள் என்னை அறிவுக்கடல் என்றார்கள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சலாக இருந்தது. பார்க்காத ஒன்றைப் பார்த்தவள் மாதிரி சொல்லிச் சொல்லியே பென்ஷனுக்கு வந்துவிட்டேன்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளிடம் இதைச் சொன்னேன். அடுத்த வாரமே போனில் கப்பல் படங்களாக வந்து குவிந்தன. மாடி மாடியாக ஒரு ஊரையே தூக்கிக் கடலில் வைத்திருந்தார்கள். நீச்சல் குளம் வேறு. அத்தனை தண்ணீருக்கு நடுவில் எதற்குக் குளம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அஞ்சு ராத்திரிம்மா. சென்னையில ஏறினா இலங்கை வரைக்கும் போயிட்டு சென்னைக்கே வந்துடும்" என்றாள் மகள்.

பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குக் கப்பலு?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது கப்பலைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து ராத்திரி என்பதுதான் அவர் காதில் விழுந்திருந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் தன் வயலை விட்டு ஒரு ராத்திரிக்கு மேல் வெளியில் தங்கியதில்லை. மகள் பிரசவத்துக்குக்கூட காலையில் பெங்களூர் வந்து, பிள்ளை முகம் பார்த்துவிட்டு, மறுநாள் ரயில் ஏறிவிட்டார். நடுக்கடலில் அந்த வட்டத்தைப் பார்க்கும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவர் வருவாரா என்பது மட்டும்தான் எனக்குக் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு மேல் சுற்றிய குழப்பம்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. இவர் சின்னவராக இருந்தபோது, ஊர் ஊராகக் கூலிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், என் மாமனார் குடும்பத்தோடு காசிக்குப் போனார். குத்தகைக்கு உழுபவர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்த நேரம் அது. எங்கள் நிலத்தை உழுதவர் பதிவுக்கு எழுதிக் கொடுத்தார். தாசில்தார் நோட்டீஸ் பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது. மாமனார் கங்கைச் சொம்போடு திரும்பி வந்தபோது ஆட்சேபணை சொல்ல வேண்டிய நாள் முடிந்திருந்தது. வருடக்கணக்கில் தாவா நடந்து, கடைசியில் பாதி நிலம் அவர்களுக்கு, பாதி எங்களுக்கு என்று பேசி முடித்தார்கள். என்னைக் கேட்டால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. இரண்டு தலைமுறையாக உழுதவர்கள் அவர்கள். இதை நான் ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னேன். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று உழுதவரின் மகன்தான் இன்று எங்கள் பக்கத்து வயல்காரர். வாய்க்காலில் இருந்து இரண்டு வயலுக்கும் தண்ணீர் பாய ஒரே மடைதான். நாற்பது வருடமாக அந்த மடையில் ஒருவர் வெட்டி விடுவார், ஒருவர் அடைப்பார். "தண்ணி வந்துருக்கு" என்பார் அவர். "ம்" என்பார் இவர். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்த லட்சணத்தில், கப்பலுக்குக் கிடைத்த தேதி புரட்டாசியில் வந்தது. சம்பா நட்டு வேர் பிடிக்கும் நேரம், முறை வைத்துத் தண்ணீர் விடும் நேரம். முறை வரும் நாளில் மடையில் ஆள் நிற்கவில்லை என்றால் அடுத்த முறைவரை பயிர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வேறு தேதி இல்லையா என்று மகளைக் கேட்டேன். கப்பல் நமக்காக வராதும்மா என்றாள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஆனால் இவர் "வர்றேன்"னும் சொல்லவில்லை, "வரலை"ன்னும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்பலின் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அறை எது என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று மூன்று தினுசு. அதிலும் எத்தனையாவது மாடி, எந்தப் பக்கம் என்று நூற்றுக்கணக்கில் கட்டம் கட்டமாக நம்பர். மகள் அனுப்பியதைத் தாளில் எடுத்து வந்து கொடுத்தேன். இவர் அதைத் தன் வயலின் புலப்படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கப்பல் திரும்பத் திரும்ப வடக்கும் மாறும் என்றேன். தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூக்கு மாதிரி கூராக இருந்த முனையில் விரலை வைத்தார்.

"இதான் தலைமடை. இங்க எடு."

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியில் உள்ள வாய்க்காலையெல்லாம் நிரப்பி, ஆள் ஆளாய்க் குடித்தது போக மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. நானோ திருக்காட்டுப்பள்ளியில் பிறந்தவள். தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடைப் பக்கம். தண்ணீருக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்றே இங்கே வாக்கப்பட்டு வந்துதான் தெரிந்துகொண்டேன். இவருக்குக் கோபம் வந்தால் இன்றும் என்னைத் தலைமடைக்காரி என்றுதான் சொல்வார். உலகத்தில் எதை எடுத்தாலும் முன்னால் இருப்பவனுக்கு முழுசாகவும் கடைசியில் இருப்பவனுக்கு மிச்சமாகவும் கிடைக்கும் என்பது அவருடைய தீர்மானம். கல்யாணப் பந்தியில்கூட சாம்பார் வாளி வரும் பக்கத்தைப் பார்த்துத்தான் உட்காருவார்.

"கப்பல்ல என்னாங்க தண்ணியா பாய்ச்சப் போறாங்க?" என்றேன்.

"குழாய்ல தண்ணி வரணும்ல, டீச்சர்? சோறு வரணும்ல?"

உண்மையில் அந்தக் கப்பலில் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூட ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எனக்குப் பால்கனி வேண்டும் என்று இருந்தது. பால்கனி என்றால் பாதி வட்டம்தானே, தரங்கம்பாடியில் பார்த்ததுதானே என்றும் இருந்தது.

கடைசியில் கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். அன்று காலை வயலுக்குப் போனவர் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார், சட்டையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் பேத்தியாக இருக்கும் வயதில்லை, மகளாக இருக்கும் வயதுமில்லை. முன்பக்க அறை என்று இவர் சொன்னதும் அவள் பதறிப்போனாள்.

"சார், முன்னாடி எடுக்காதீங்க. அலையில அங்கதான் நல்லா தூக்கிப் போடும். நடுவுல எடுங்க, ஆட்டமே தெரியாது. வாந்தி வராது."

"தண்ணி?"

"தண்ணி எல்லா ரூமுக்கும் ஒரே மாதிரி வரும் சார்."

இவர் அவளை நம்பவில்லை. வாய்க்காலில் தண்ணீர் விடும் பொதுப்பணித்துறைக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் மெதுவாக, பால்கனியிலிருந்து கடல் முழு வட்டமாகத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது மேடம், மேல் மாடிக்குப் போனால் தெரியும், எந்த ரூம் எடுத்தாலும் மேலே போகலாம் என்றாள். இத்தனை நாள் எதற்கு மண்டையைப் பிய்த்துக்கொண்டேன் என்று ஆகிவிட்டது.

"ரூமை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் மற்ற விவரங்களைக் கேட்டு நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், வயது, பாஸ்போர்ட், சைவமா அசைவமா. அப்புறம், "கப்பல்ல ஏதாவது அவசரம்னா யாருக்குச் சொல்லணும்? கூட வராதவங்க பேரு, போன் நம்பர் சொல்லுங்க" என்றாள்.

மகளின் நம்பரைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த அன்றைய தாள். அதன் பின்பக்கம் ஒரு பெயரும் நம்பரும் இருந்தன. எழுத்து இவருடையது இல்லை. பெயர் எங்கள் பக்கத்து வயல்காரருடையது.

காலையில் ஏன் நேரமாயிற்று என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பொண்ணு நம்பர் குடுக்க வேணாமா?" என்றேன்.

"அவளுக்குச் சொன்னா அழுவா. இவருக்குச் சொன்னா வயலுக்குத் தண்ணி கட்டுவாரு."

அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டே, "இவரு உங்களுக்கு என்ன உறவு சார்?" என்று கேட்டாள்.

இவர் யோசித்தார். மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரே மடை" என்றார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஃப்ரெண்டுன்னு போட்டுக்கவா சார்?" என்றாள்.

அவர் அதை மறுக்கவில்லை. தாளை எடுத்து, வந்த மடிப்பிலேயே மடித்து, மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கரித்தது. அந்தப் பெண் பார்த்துவிடக் கூடாதென்று கைப்பையில் எதையோ தேடினேன்.

"ரூம் நடுவுல போட்டுடலாமா மேடம்?"

"இல்லம்மா. சார் கேட்ட மாதிரி முன்னாடியே போடு" என்றேன்.