நீளக்கை ஜாக்கெட்

உடம்பில் எது வந்தாலும் அதைத் தையல் வேலையின் தலையில் கட்டிவிடுவது என் வழக்கம். வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கும் சின்னக் கடை என்னுடையது. குதிகால் வலித்தபோது, மெஷின் மிதிக்கிற கால் வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். நகங்களில் பொடிப்பொடியாகக் குழி விழுந்தபோது, ஊசி குத்தியது என்றேன். ஊசியே படாத இடது கைச் சுண்டுவிரலில் ஏன் குழி விழுந்தது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. தீபாவளி ஆர்டர் இருந்தது.

தலையில் செதில் உதிர்ந்ததைப் பொடுகு என்று நானே முடிவு செய்து, மல்லிகைப் பூவால் மூடினேன். நகங்களை மருதாணியால் மூடினேன். முழங்கையில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தோல் தடித்ததும்தான் பயம் வந்தது. தோலில் எது வந்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிற ஊர். என் கைபட்ட ஜாக்கெட்டை யார் வாங்கிப் போடுவார்கள்? அதனால் முழங்கைக்குக் கீழே வரை நீளக்கை வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் வெந்தேன். கூத்து என்னவென்றால், கடைக்கு எதிர் வீட்டு டீச்சர் அதைப் பார்த்துத் தனக்கும் அதே மாதிரி கேட்டார். அவரைப் பார்த்து அவருடைய பள்ளியில் இன்னும் சிலர் கேட்டார்கள். ஒரு வியாதியை ஃபேஷனாக்கிய பெருமை இந்தக் கொம்யூன் பஞ்சாயத்திலேயே எனக்கு மட்டும்தான் இருக்கும்.

பிறகு வலது கை நடுவிரல் வீங்கியது. மூட்டு மட்டுமல்ல, அடி முதல் நுனி வரை, பழுத்த ஏலக்கி வாழைப்பழம் மாதிரி. காலையில் எழுந்தால் எந்த விரலையும் மடக்க முடியாது. சமையல் முடிகிற வரைக்கும் விறைத்தே கிடக்கும். நடுவிரல் கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழைய மறுத்த அன்றுதான் உண்மையிலேயே ஆடிப்போனேன். தைக்க ஆள் கிடைக்கும். வெட்டுவது நான். என்னால் வெட்ட முடியாவிட்டால் கடை இல்லை.

பக்கத்து கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டார்கள். முடக்குவாதம் இருக்கிறதா என்று ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. பரீட்சையில் பாஸானவள் போல ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை.

வீட்டுக்காரர்தான் திறந்து கொடுத்தார். "இன்னாடி இது, டப்பா தொறக்க வராத கைய வெச்சிக்கினு ஒண்ணுமில்லன்ற? நாளைக்குப் பாண்டிக்குப் போறோம்," என்றார். ஆட்டோ ஓட்டுகிறவர், மறுநாள் சவாரியை விட்டுவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

மூட்டு டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். விரலைப் பார்க்கட்டும் என்று நீட்டினால், அவள் நகத்தைத் தடவிப் பார்த்தாள். மருதாணி நிறத்தைத்தான் மாற்றியிருந்தது, குழிகள் அப்படியே இருந்தன. தலையில் ஏதாவது உண்டா என்று கேட்டாள். பொடுகு என்றேன். பூவை எடுக்கச் சொன்னாள். எடுத்ததும் மேஜைமேல் செதில் கொட்டியது. அடுத்து ஜாக்கெட் கையை மேலே ஏற்றச் சொன்னாள். நான் பிடித்துத் தைத்த லட்சணம், அது ஏறவே இல்லை. கடைசியில் நர்ஸ் வந்து தையலைப் பிரித்தார். என் தொழிலுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

"இது சொரியாசிஸ், அம்மா. தோல்ல இருக்கறவங்கள்ல சில பேருக்கு மூட்டுக்கும் வரும். ரத்தத்துல தெரியாது, இதெல்லாம் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். யாருக்கும் ஒட்டாது," என்றாள்.

ஒட்டாது என்று கேட்டதும் அழுதுவிட்டேன்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை எழுதினாள். மறந்தும் தினமும் போட்டுவிடக் கூடாது என்று மிரட்டி அனுப்பினாள். அது ஈரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டும். அது வேலை காட்டுவதற்குச் சில மாதங்கள் ஆயின. அதுவரை துணி வெட்ட, எங்கெங்கோ தேடியதில் கிடைத்த ஒரு பெண் பாகூரிலிருந்து வந்து போனாள். அவள் வெட்டியதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்கு விரல் தேவைப்படவில்லை.

மெல்ல வீக்கம் வடிந்தது. நடுவிரல் நுனி மட்டும் கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது. மூடி மூடி வைத்ததற்குக் கிடைத்த கூலி அது. கத்தரிக்கோலுக்குள் விரல் நுழைந்த அன்று, முதல் வேலையாக என் ஜாக்கெட்டின் நீளக்கையை வெட்டி அரைக்கை ஆக்கினேன். முழங்கைத் திட்டுகள் மங்கியிருந்தனவே தவிர மறையவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் வந்தார். முழங்கையையே பார்த்தார். நோயின் பெயரைச் சொன்னேன், ஒட்டாது என்றும் சொன்னேன். எதிர் வீட்டுக்குத் திரும்பிப் போனவர், கை நிறைய ஜாக்கெட்டுகளோடு வந்து மேஜைமேல் போட்டார். எல்லாம் நான் தைத்தவை. இனி என் கைபட்டது வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தலையைத் தூக்க முடியவில்லை.

"அப்போ அதுக்குத்தான் நீளக்கையா, அக்கா? ஸ்டைலுன்னு நெனச்சி இத்தினி நாளா நான் வேர்த்து சாவுறேன்," என்றார். "எல்லாத்தையும் வெட்டு."

நானே வெட்டினேன்.