ஈரத்தை நம்பாத இல்ப்போ

குளித்து முடித்தாயிற்று என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்: குளிக்கிறவரா, சுவரா? இல்ப்போ ருஸ்கானென் வீட்டில் இது தினமும் எழுகிற கேள்வி.

கம்பளிக் காலுறையோடு குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறார். கைபேசியை மார்புக்கு நேராகப் பிடித்திருக்கிறார். உள்ளே அவர் மனைவி மார்கெட்டா குளித்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்து வீட்டுக்காரன், ஏணி கேட்க வந்தவன்.

"இப்ப வரும் பாருங்க," என்கிறார் என்னிடம்.

கதவுக்கு அப்பால் மெல்லிய உறுமல் ஒன்று எழுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் வேகம் பிடிக்கிறது.

"நான் தொடலை. யாருமே தொடலை." குழந்தை முதல் முறை எழுந்து நின்றதைக் காட்டுகிற தகப்பனின் முகம்.

உள்ளேயிருந்து மார்கெட்டாவின் குரல்: "இல்ப்போ, வெளியில யாரையாவது கூட்டி வச்சிருக்கியா?"

"பக்கத்து வீட்டுக்காரர்தான். ஏணி வேணுமாம்."

"ஏணியைக் குடுத்து அனுப்பு. நான் குளிக்கறதுக்கு டிக்கெட் போடாதே."

இல்ப்போ குவோப்பியோ நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவர். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, எப்போதும் ஏதோ ஒன்றின் வரவை எதிர்பார்ப்பதுபோல் லேசாக முன்னால் சாய்ந்த கழுத்து. அவருடைய அட்டவணையில் பேருந்து தாமதமாவதே இல்லை. பயணிகள்தான் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். ஜனவரிப் பனியில் கால் மாற்றி நின்ற ஒரு பெண்மணி இதைப் பற்றி அவரிடமே புகார் சொன்னபோது, "நீங்க நிக்கற நேரம் எங்க கணக்குல வராதும்மா," என்று பணிவாக விளக்கினாராம். அவரே பெருமையாகச் சொன்னது. மனிதர் கை படாமல் தானாக நடப்பதே ஒழுங்கு, கை பட்டது எல்லாம் குளறுபடி என்பது அவருடைய கொள்கை. மோசமான கொள்கை என்று சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்திருக்கலாம்.

ஃபேன் மீது அவர் கவனம் விழக் காரணம் எங்கள் வரிசையின் கோடி வீடு. சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு வீடுகள் எங்களுடையவை. கோடி வீட்டுக் குளியலறையின் சுவர் ஓட்டுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருந்தது தெரியவந்தது. தரையை உடைத்து, சுவரை உரித்து, குளிர்காலம் முழுக்க ராட்சச உலர்த்திகளை ஓட்டினார்கள். எங்கள் நாட்டில் திருடன் வந்தான் என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்வார்கள். பூஞ்சை வந்தது என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வீட்டுச் சங்கக் கூட்டத்திலிருந்து இல்ப்போ வெளிறிப்போய்த் திரும்பினார். மறு வாரம் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது.

அதுவரை அந்தக் குளியலறை ஒரு எளிய வழக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியாகக் குளித்தவர் ரப்பர்த் தள்ளுகோலால் தரை நீரை வடிகாலுக்குத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டுவிட்டு வருவார். இருபது வருடமாக ஒரு ஓட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் சொன்னபோது இல்ப்போ இரக்கத்தோடு பார்த்தார்.

"அது பழக்கம், பக்கத்து வீட்டுக்காரரே. இது அமைப்பு."

பழக்கம் தோற்றால் மனிதனுக்கு வெட்கம் வரும். அமைப்பு தோற்றால் புதிய பதிப்பு வரும். இல்ப்போ வீட்டில் பதிப்புகள் வரத் தொடங்கின.

முதல் பதிப்பில் கூரையடியில் வெள்ளையாக, பொத்தான் அளவில் ஒரு கம்பியில்லா சென்சார். ஈரப்பதம் குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் ஃபேன் ஓடும், இறங்கினால் நிற்கும். சோதிப்பதற்கு எந்நேரமும் யாரையாவது குளிக்கச் சொல்ல முடியாது. ஆகவே தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலைக் குளியலறை முக்காலியில் வைத்து ஆவி கிளப்புவார். அந்த வசந்தகாலத்தில் அந்த வீட்டில் அதிகம் குளித்தது கெட்டில்தான். மார்கெட்டா காப்பி போடத் தேடினால் அது குளியலறையில் இருக்கும்.

ஆகஸ்ட் மாதம் மழை பிடித்துக்கொண்டது. யாரும் குளிக்காமலேயே ஈரப்பதம் அந்த எண்ணைத் தாண்டிற்று. ஃபேன் ஓடியது. உள்காற்றை வெளியே தள்ளிய வேகத்தில் அதே மழைக்காற்றை ஜன்னல் இடுக்குகள் வழியே உள்ளே இழுத்தது. ஈரம் கூடியது, இன்னும் ஓடியது. மழை விடும்வரை இரவும் பகலுமாக அந்த உறுமல் என் சுவர் வழியாகவும் கேட்டது.

"ஏரியையே காய வைக்கப் பாக்குதா உங்க மெஷின்?" என்று வேலியோரம் கேட்டேன்.

"எண் தப்பு," என்றார். "மெஷின் மேல தப்பில்லை."

இரண்டாம் பதிப்பில் நடைவழியில் இன்னொரு சென்சார் வந்தது. குளியலறை நடைவழியைவிட ஈரமாக இருந்தால் மட்டுமே ஃபேன் ஓடும். ஊரே ஈரமாக இருந்தால் சும்மா இருக்கும். இதில் புத்திசாலித்தனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்கெட்டா நடைவழியில்தான் துணி காயப்போடுவார். ஈரத் துணிக்கு நடுவில் தொங்கிய சென்சார், வீட்டிலேயே காய்ந்த இடம் குளியலறைதான் என்று அறிவித்தது. கண்ணாடியில் நீர் வழிந்தோடியது, ஃபேன் அசையவில்லை. மறுநாள் துணிக்கொடி வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்தது. விருந்தினர் வந்தால் உள்ளாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ரை தானிய ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட மீனைச் சாப்பிட வேண்டும்.

"மெஷினுக்காக நாங்க இடம் மாறிட்டோம்," என்றார் மார்கெட்டா. "அடுத்து எங்களையும் காயப் போடுவார்."

மூன்றாம் பதிப்பில் இல்ப்போ சுவர் சுவிட்சைக் கழற்றிவிட்டார். அந்த இடத்தில் வெள்ளைத் தகடு ஒன்றைப் பதித்தார். மார்கெட்டா பழக்கதோஷத்தில் போகும்போதும் வரும்போதும் சுவிட்சைத் தட்டி அமைப்பைக் குழப்பிக்கொண்டிருந்தாராம். பல நாட்கள் அவருடைய கை அந்தத் தகட்டைத் தடவியது.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வேடிக்கை. சனிக்கிழமை சௌனா.

எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டிலும் குளியலறையை ஒட்டி மரப்பலகை அடித்த ஒரு சின்ன சௌனா, அதாவது நீராவிக் குளியல் அறை, உண்டு. அடுப்பின் மேல் கற்கள், கற்கள் மேல் ஒரு அகப்பைத் தண்ணீர், அதிலிருந்து சீறி எழுந்து தோளில் வந்து அமரும் ஆவி. அந்த ஆவிக்காகத்தான் வாரத்தின் மற்ற ஆறு நாட்களைப் பொறுத்துக்கொள்கிறோம். இல்ப்போவும் மார்கெட்டாவும் கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை மாலை சேர்ந்தே உட்கார்வார்கள். பேசிக்கொள்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. சுவர் வழியாகத் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்கும், அப்புறம் நீண்ட மௌனம், எப்போதாவது மார்கெட்டாவின் சிரிப்பு. வாரநாட்களில் அந்த வீட்டிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

ஈரம் என்றால் ஆபத்து என்று கற்றுக்கொடுக்கப்பட்ட ஓர் இயந்திரத்துக்குச் சனிக்கிழமை மாலை என்பது என்ன? வாராந்திரப் பேரிடர். அகப்பைத் தண்ணீர் கல்லில் பட்டதும் ஃபேன் முழு மூச்சோடு எழுந்தது. மேல்பலகைக்கு வந்த ஆவியைக் கதவிடுக்கு வழியே உறிஞ்சி வானத்துக்கு அனுப்பியது. கீழே கணுக்காலைக் குளிர்காற்று பிடித்தது. ஒரு சனிக்கிழமை நானும் உள்ளே இருந்தேன், விருந்தாளி வந்ததால் ஆண்களுக்குத் தனி முறை. தலை வெந்தது, பாதம் விறைத்தது.

"கேட்டீங்களா? எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்குது!" என்றார் இல்ப்போ, பல் லேசாகக் கிட்டியபடி.

"ஆவி எங்கேங்க?"

"போயிடுச்சு. அதானே அதோட வேலை."

மார்கெட்டா முறையாகவே கேட்டார், சமையலறையில், என் முன்னாலேயே. "சனிக்கிழமை ஒரு நாள் அதை நிறுத்தி வை இல்ப்போ."

"நிறுத்தறதுக்கு ஆள் வேணும்னா அப்புறம் அது தானியங்கியா? கை வச்சா தோத்த மாதிரி."

"யார்கிட்ட தோக்கறே?"

இல்ப்போ கைபேசியை எடுத்துப் பார்த்தார்.

"கோடி வீட்டை நினைச்சுப் பாரு," என்றார்.

"அவங்க சுவருதான் நனைஞ்சுது. புருஷன் பொண்டாட்டி ஒண்ணாதான் இருக்காங்க."

நவம்பரிலிருந்து மார்கெட்டா சனிக்கிழமைகளில் கல்லவெசி ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினார். அங்கே பனிநீச்சல் சங்கத்தாரின் சௌனா இருக்கிறது. விறகு அடுப்பு, சத்தம் போட்டுப் பேசும் பெண்கள், உறைந்த ஏரியில் வெட்டிய துளைக்குள் ஒரு முக்கு. கன்னம் சிவந்து, கண் பளபளத்துத் திரும்புவார். கல்யாணமான பெண் சனிக்கிழமை மாலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டு சௌனாவைத் தாண்டிப் போவதை எங்கள் வரிசையில் ஆறு வீட்டு ஜன்னல்களும் பார்க்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். கேட்காமல் இருப்பதில் எத்தனை விதம் உண்டு என்பதை அந்தக் குளிர்காலத்தில் இல்ப்போ தெரிந்துகொண்டார்.

பையில் முதலில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு ஃபிளாஸ்க் சேர்ந்தது. அப்புறம் அங்கேயே ஒரு அலமாரிச் சாவி. "வருஷ சந்தா கட்டிடலாமான்னு பாக்கறேன்," என்று மார்கெட்டா குப்பைத் தொட்டியருகே என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னது சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும் என்றுதான். நான் சேர்க்கவில்லை.

இல்ப்போ ஒன்றிரண்டு வாரம் தனியாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு அடுப்பைப் பற்றவைப்பதையே விட்டுவிட்டார். ஒரு சனிக்கிழமை கைபேசியை எடுத்து எனக்குக் காட்டினார். மாலை முழுவதும் ஈரப்பதம் ஒரே நேர்கோடு. ஒரு மேடில்லை, பள்ளமில்லை. அவர் விரும்பியதெல்லாம் இந்தக் கோடுதான்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"பிரமாதமா இருக்கு," என்றார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவைத் திறந்ததுமே சூடான கல்லும் மரமும் மணத்தன. மார்கெட்டா நடைவழியில் பையை மாட்டிக்கொண்டு ஒரு காலில் பூட்ஸோடு நின்றிருந்தார். குளியலறையிலிருந்து இல்ப்போ வந்தார். உள்ளங்கையில் அந்த வெள்ளைப் பொத்தான். எங்கள் இருவரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய், மொறுமொறுப்பான ரை ரொட்டி வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான். இரண்டு ரொட்டிகளுக்கு இடையே சென்சாரைச் செருகி மூடியைப் போட்டார். குளியலறை எலும்பாய்க் காய்ந்திருப்பதாக அமைப்பு நம்பியிருக்க வேண்டும். ஃபேன் மெல்ல இரைந்து அடங்கியது.

"ஒரு சுவிட்ச் வச்சிருக்கலாமே இல்ப்போ," என்றார் மார்கெட்டா.

இல்ப்போ சௌனாப் பலகையில் விரிக்கும் லினன் துணிகளை எடுத்தார். இரண்டு. மார்கெட்டா வெகுநேரம் அந்த ஒற்றைக் கால் பூட்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து அதைக் கழற்றினார். நான் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான். தள்ளுகோலால் தரையைத் துடைத்தானதும் சென்சார் தன் இடத்துக்குப் போகும், ஃபேன் எதுவும் அறியாததுபோல் எழுந்து மிச்ச ஈரத்தைத் துரத்தும். சனிக்கிழமை மாலை ஓடாதே என்று அந்த அமைப்புக்கு ஒரு வரி எழுத இல்ப்போவுக்கு ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும். எழுதவில்லை. தன் கையால் கட்டிய ஒன்றுக்கு உண்மையைச் சொல்வதைவிட, அதை வாரம் ஒரு முறை ஏமாற்றுவதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். எங்கள் ஊர்க்காரர் சொல்லக்கூடிய பதிலைத்தான் சொன்னார்.

"ரொட்டி நமத்துப் போகுதான்னு பாக்கறேன்."

ஈரப்பதம் அளக்கிற கருவிக்குக் காது கிடையாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமைகளில் மூடியை நான்கு மூலையிலும் அழுத்திவிட்டு, டப்பாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்து, குரலை மிகவும் தாழ்த்தித்தான் மனைவியைக் கூப்பிடுகிறார்: "மார்கெட்டா, போலாமா?"