எட்டு பிட் கணினிக்காரி இன்ஷிரா

கிண்ணியாவில் கைபேசியின் கண்ணாடி உடைந்தால் ஆட்கள் இன்ஷிராவைத் தேடிப் போவார்கள். ஒற்றைக் கதவுக் கடை. முன்பக்கம் கைபேசிகளுக்கு, திரைச்சீலைக்கு அப்பாலுள்ள பின்பக்கம் அவளுக்கு. அங்கே ஒரு மேசை, பின்பக்கம் புடைத்த பழைய ரீவி ஒன்று, ஒரு கசற் றெக்கோடர், இவற்றுக்கு நடுவில் பாடக் கொப்பியளவில் ஒரு கறுப்புக் கணினி. ஸ்பெக்ட்ரம் என்பது அதன் பெயர். சாம்பல் நிற ரப்பர் விசைகள் கொண்டது. இன்ஷிரா பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது.

அதை வீட்டுக்குக் கொண்டு வந்தவர் அவளுடைய மூத்த சகோதரர், முத்தலிப் காக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஓட்டோ ஓட்டுகிறவர். ஒருமுறை மூதூரில் வீடு மாறிய ஒருவருக்குச் சாமான் ஏற்றப் போனபோது, கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு மூடியாக இது கிடந்தது. வாப்பா குவைத்திலிருந்து கொண்டு வந்தது, இனி என்னத்துக்கு என்று வீட்டுக்காரர் தூக்கிக் கொடுத்துவிட்டார். முத்தலிப் அதை ஓட்டோத் துணியால் துடைத்துத் தங்கச்சியிடம் நீட்டினார். அவள் அதைத் திறந்து பார்த்த விதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது, இது இனி இந்த வீட்டை விட்டுப் போகாது.

ரப்பருக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள் வெடித்துப் போயிருந்தது. அவள் இங்கிலாந்திலிருந்து புதியது வரவழைத்தாள். நினைவகச் சில்லுகளில் இரண்டு செத்திருந்தன, மாற்றினாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த முத்தலிப்பைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரீவிக்கு முன்னால் நிறுத்தினாள். வெள்ளைத் திரை. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

"இவ்வளவுதானா?" என்றார் முத்தலிப்.

"இவ்வளவும் வந்தாப் போதும் காக்கா. மிச்சத்த நான் சொல்லிக் குடுப்பன்."

அந்தக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்காமலிருக்க வேண்டுமானால் அணைக்கும் முன் கசற்றில் பதிய வேண்டும். கீச்சென்ற ஒலியாக உள்ளே போகும், திரும்பவும் கீச்சென்ற ஒலியாகவே வெளியே வரும்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மாவட்டத்தில் இன்னும் இருவர் இருந்தார்கள். சாம்பல்தீவில் சிவரூபன், வங்கியில் வேலை, கொமடோர் என்ற பழைய கணினி வைத்திருக்கிறார். பட்டினத்தில் தவராசா, துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடையது பிபிசி மைக்ரோ, மூன்றிலும் பெரியது. இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் தவராசாவின் வீட்டில் கூடுவார்கள். இன்ஷிராவைக் கூட்டிக்கொண்டு போவதும் கூட்டிக்கொண்டு வருவதும் முத்தலிப். இடைப்பட்ட நேரம் முழுவதும் கதிரையில் அமர்ந்து தேத்தண்ணீர் குடித்தபடி இவர்களின் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"என்ர மெசின் பாடும்," என்பார் சிவரூபன். "மூண்டு குரல்ல பாடும். உங்கட ரப்பர் துண்டு, பாவம், விக்கும்."

"பாட்டுக் கேக்க ரேடியோ வாங்கலாமே தம்பி," என்பார் தவராசா. "கணக்கு எண்டு வந்தால் என்ரயோட ஓட ஏலுமோ? ஒரே கணக்கை மூண்டிலயும் போடுவம், வாங்கோ."

போடுவார்கள். பிபிசி முதலில் முடிக்கும். கொமடோர் அடுத்தது. ஸ்பெக்ட்ரம் யோசித்து யோசித்துக் கடைசியாக வரும். இன்ஷிரா சிரிப்பாள். "ஐயா, உங்கட அலுமாரியத் தூக்க நாலு பேர் வேணும். நான் இத ஹேண்ட்பேக்ல கொண்டு வந்தனான்."

பேச்சு தமிழுக்குத் திரும்பியது அப்படி ஒரு போயாவில்தான். மூன்றில் எது ஒழுங்காகத் தமிழ் எழுதும் என்ற கேள்வியைத் தொடங்கியவர் சிவரூபன். கொமடோரில் எழுத்துகள் எல்லாவற்றையும் நாமே மாற்றி வரையலாம். ஸ்பெக்ட்ரத்தில் நாம் வரைய ஒதுக்கியிருக்கும் இடம் இருபத்தொரு எழுத்துக்கு மட்டும்.

"இருபத்தொண்டுக்குள்ள தமிழை என்னெண்டு அடக்கிறது? உயிரும் ஆய்தமும் சேர்த்தே பதின்மூண்டு போயிடும்," என்றார்.

"பாப்பம்," என்றாள் இன்ஷிரா. அவள் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தமென்று முத்தலிப்புக்குத் தெரியும்.

எழுத்துகள் நினைவகத்தில் எங்கே தொடங்குகின்றன என்பதை அந்தக் கணினி ஓரிடத்தில் குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்பை மாற்றிவிட்டால் அது ஆங்கில எழுத்தைத் தேடிப் போகாமல், நாம் வரைந்து வைத்த இடத்துக்கு வந்து எடுக்கும். இருபத்தொன்று என்ற வேலி அங்கே இல்லை. வழி அதுதான். வேலை வேறு. ஒவ்வோர் எழுத்தையும் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். சதுரக்கோட்டுத் தாள்களில் அவள் வரைந்தாள். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் முத்தலிப்பும் வரைந்தார். ஓட்டோ நிறுத்தத்தில் மற்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன முத்தலிப், பாய்க்கு டிசைனா?"

"ணானா எழுத்து," என்றார் முத்தலிப் தலை நிமிராமல். "எட்டுக் கட்டத்துல மூணு சுழி கொள்ளுதில்ல."

கொள்ளவேயில்லை. அகன்ற எழுத்துகளுக்கு அப்படி இரண்டு முழுக் கட்டங்களைப் பக்கம் பக்கமாகக் கொடுப்பதென்று இன்ஷிரா முடிவு செய்தாள். அதற்காக விசைகளின் ஒழுங்கு முழுவதையும் மாற்றி எழுதினாள். மாரி மழை போய் அடுத்த மாரியும் கழியும்வரை அந்த வேலை நடந்தது. கடைசியில் அந்தக் கணினியில் தமிழ் தட்டச்சு செய்யலாம் என்றானது. தட்டத் தட்டத் திரையில் எழுத்து விழுந்தது. கவனமான பிள்ளை என்பதால் எல்லாவற்றையும் இரண்டு கசற்றுகளில் பதிந்து வைத்தாள், ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கட்டும் என்று. அவளுடைய ஒன்றரை வருஷம் முழுவதும் அந்த இரண்டு கசற்றுகளில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

பட்டினத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மண்டபத்தைச் சிவரூபன் கேட்டு எடுத்தார். மூன்று கணினிகளையும் பொதுமக்களுக்குக் காட்டுவது, பழைய விளையாட்டுகளை ஆட விடுவது, கடைசியாக இன்ஷிராவின் தமிழ். கொழும்பிலிருந்து இதே விருப்பமுள்ள சிலரும் வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வாரம் இன்ஷிராவின் றெக்கோடரில் நாடாவைச் சுழற்றும் ரப்பர் பட்டி தொய்ந்துவிட்டது. தன்னிடம் புதியது இருக்கிறது, போட்டு நேரே மண்டபத்துக்குக் கொண்டு வருகிறேன் என்று சிவரூபன் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று காலை முத்தலிப் ஓட்டோவின் பின்னிருக்கையில் ரீவியைத் தலையணை வைத்துக் கட்டினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார், திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடியும் கட்டினார். கணினி இன்ஷிராவின் மடியில். கிண்ணியாப் பாலத்தில் காற்று பலமாக இருந்தது. வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்த பஸ்ஸின் ஹோர்னைக் காதில் வாங்காமல் ஓட்டினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. சிவரூபன் வாசலிலேயே றெக்கோடரை நீட்டினார். "பட்டி போட்டாச்சு. எப்பிடி ஓடுது எண்டு பாருங்கோ." உண்மையிலேயே நன்றாக ஓடியது. முன்பெல்லாம் இரண்டு மூன்று தடவை முயன்றால்தான் கணினியில் ஏறுகிற, கடையில் வாங்கிய விளையாட்டுக் கசற்றுகள் முதல் தடவையிலேயே ஏறின. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடினார்கள்.

பிறகு இன்ஷிரா தன் கசற்றைப் போட்டாள்.

திரையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக வர வேண்டிய கோடுகள் நடுங்கின, பின் நின்றன. பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. திரும்பச் சுற்றிப் போட்டாள். அதே வரி. ஒலியைக் கூட்டினாள், குறைத்தாள். இரண்டாவது கசற்றைப் போட்டாள். அதுவும் அப்படியே.

"என்ர றெக்கோடரில போட்டுப் பாருங்கோ பிள்ளை," என்றார் தவராசா. போட்டாள். அங்கும் ஏறவில்லை.

தவராசா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு றெக்கோடரிலயும் ஏலாது எண்டால் கசற் பழுது எண்டுதான் அர்த்தம். கடல் காத்து. பூஞ்சணம் பிடிச்சிருக்கும்."

இன்ஷிரா கசற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நாடாவைப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. முத்தலிப் கிட்ட வந்து நின்றார். கணினி போனால் இன்னொன்று தேடலாம். அந்த நாடாவில் இருப்பது போனால் எங்கே போய்த் தேடுவது?

"கொமடோரில ஒரு பாட்டுப் போட்டு ஆக்களைச் சமாளிக்கட்டோ?" என்று சிவரூபன் மெல்லக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். றெக்கோடரில் இருந்த வயரைப் பிடுங்கினாள். வயர் இல்லாவிட்டால் ஒலி வெளியே கேட்கும். பொத்தானை அழுத்தினாள். நாடா கீச்சிட்டது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"காக்கா, இந்தச் சத்தத்தக் கடையில எத்தன தரம் கேட்டிருப்பீங்க?"

"காது புளிக்கப் புளிக்கக் கேட்டிரிக்கன்."

"இது அது மாதிரியா இரிக்கு?"

முத்தலிப் குனிந்து கேட்டார். "அதேதான். ஆனா போர்வைக்குள்ள இருந்து கத்துற மாதிரி இரிக்கு. கடையில எண்டா பல்லுக் கூசும்."

"எனக்கும் அப்பிடித்தான் கேக்குது," என்றவள் விளையாட்டுக் கசற்றை எடுத்துப் போட்டாள். அது பல் கூசும்படி கீச்சிட்டது. இன்ஷிரா சிவரூபனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிவரூபன், பட்டி மட்டுமா போட்டீங்க?"

"பட்டியும் போட்டு, ஹெட்டையும் நேராக்கினனான். சரியான கோணலா இருந்தது. இவ்வளவு காலமும் அதோட எப்பிடி மாரடிச்சீங்களோ தெரியாது." அவர் பெருமையாகவே சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. நெற்றியில் கை வைத்தார். "ஐயோ கடவுளே."

நாடாவைத் தொட்டு வாசிக்கும் சிறிய உலோகத் துண்டைத்தான் ஹெட் என்கிறார்கள். அது மயிரிழை சரிந்திருந்தாலும், அந்தச் சரிவிலேயே பதிந்ததை அந்தச் சரிவிலேயே வாசிக்கலாம். ஒன்றரை வருஷமாக இன்ஷிரா கோணல் ஹெட்டில் பதிந்திருக்கிறாள், கோணல் ஹெட்டிலேயே வாசித்திருக்கிறாள். கடைக் கசற்றுகள் நேரான ஹெட்டில் பதிந்தவை. வீட்டில் மெலிதாகப் பதிந்தவை போலன்றி, ஆலையில் உரத்துப் பதிந்த அவை கோணல் ஹெட்டிலும் மல்லுக்கட்டி ஏறிவிடும். அதனால் அவள் அந்தக் கோணலைக் கவனித்ததில்லை. சிவரூபன் நல்லது நினைத்து நேராக்கினார். தவராசாவின் றெக்கோடரோ முதலிலிருந்தே நேரானது.

"கசற்றில ஒண்டும் இல்ல ஐயா," என்றாள் இன்ஷிரா. "றெக்கோடர் திருந்திட்டுது. அவ்வளவுதான்."

கைபேசி திருத்தும் சின்ன ஸ்குறூ ட்ரைவரைப் பையிலிருந்து எடுத்தாள். றெக்கோடரின் முகப்பில் ஒரு துளை, அதனூடாக ஹெட்டின் திருகாணி தெரியும். நாடாவை ஓடவிட்டுத் திருகாணியைத் தொட்டாள். ஒரு பக்கம் திருகினாள், ஒலி இன்னும் மங்கியது. மறுபக்கம் திருகினாள். இன்னும் ஒரு துளி. ஒலி கூர்மையாகிக் கூர்மையாகி, முத்தலிப்புக்குப் பல் கூசியது.

"அதுதான்," என்றார். "நிப்பாட்டு."

வயரைச் செருகி முதலிலிருந்து ஓடவிட்டாள். சிவப்பும் நீலமும் அகலமாக வந்தன. பிறகு மஞ்சளும் நீலமும் மெல்லிய கோடுகளாய் ஓடத் தொடங்கின. ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் ஓடின. கோடுகள் நின்றன. வெள்ளைத் திரையின் நடுவே 'வணக்கம்' என்று விழுந்தது.

பின்வரிசையிலிருந்து கைதட்டல் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் எழுந்து மேசையருகே வந்தார்கள். இன்ஷிரா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள்.

"ஒருத்தரும் மேசையில கை வைக்காதீங்க. கரண்ட் போனா எல்லாம் போயிடும். முதல்ல இத ஐயாட றெக்கோடர்ல ஒருக்காப் பதியோணும்."

"ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்," என்றார் சிவரூபன் தாழ்ந்த குரலில். "ஒரு சொல்லாவது அடிச்சுக் காட்டிட்டுப் பதியலாமே."

"நிக்கட்டும்."

தவராசாவின் றெக்கோடரில், நேரான ஹெட்டில், புதிய கசற்றைப் போட்டுப் பதிந்தாள். அத்தனை பேரும் காத்திருக்க, பதிந்தது சரிதானா என்று மீண்டும் ஓடவிட்டுச் சரிபார்த்தாள். அவளுடைய முதுகைப் பார்த்தபடி முத்தலிப் நின்றார். இவ்வளவு பேர் முன்னால், கைதட்டலைக் காத்திருக்க வைத்துவிட்டு, தன் வேலையை ஒழுங்காக முடிக்கிற ஒருத்தியை அவர் வேறெங்கும் கண்டதில்லை. பக்கத்தில் நின்ற கொழும்புக்காரர் ஒருவர், இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"அவ சரிபாக்குறா," என்றார் முத்தலிப். "சரிபாக்காம என்ட தங்கச்சி ஒண்டையும் கையில குடுக்கமாட்டா. இருங்க, வரும்."

சரியென்று திரை சொன்னது. இன்ஷிரா கசற்றை எடுத்துக் காக்காவிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"இப்ப சொல்லுங்க," என்று அவள் சபையைப் பார்த்தாள். "என்ன எழுத?"

'சாம்பல்தீவு' என்றார் சிவரூபன் முந்திக்கொண்டு. ஒவ்வோர் எழுத்தாக வந்தது. யாரோ 'சல்லி' என்று தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், வந்தது. ஒரு பெண் பிள்ளை தன் பெயரைச் சொன்னாள், அதுவும் வந்தது. இன்ஷிரா திரும்பி, "காக்கா, நீங்க?" என்றாள். முத்தலிப் யோசிக்கவேயில்லை.

'கிண்ணியா' என்று திரையில் விழுந்தபோது ணகரத்தின் மூன்று சுழிகளும் இரண்டு கட்டங்களில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

தவராசா முன்னால் வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "வடிவா இருக்குது பிள்ளை. கொஞ்சம் மெதுவு. என்ர மெசின்ல இதைவிட வேகமா வரும்."

"வரட்டும் ஐயா," என்றாள் இன்ஷிரா. "எப்ப வருது?"

சபை சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் தவராசாதான். முத்தலிப் சிரிக்கவில்லை. இன்ஷிராவின் கதிரைக்குப் பின்னால் நின்று, சுவரிலிருந்த மின்சார இணைப்பின் மேல் யாரும் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.